பழைய மெய்நிகராக்கத்தைக் கர்னல் இன்னும் சுமக்கவேண்டுமா? மூன்று வழிகளும் என் தேர்வும்

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட, அதாவது மெய்நிகராக்கத்துக்காக, 20 ஆண்டுகளுக்கு முன்பு போட்ட சில பாதைகள் இன்றும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் கிடக்கின்றன. அந்த வேலையை ப்ராசஸரே செய்யத் தொடங்கி வெகு நாளாயிற்று, இன்னும் எதற்கு இந்தச் சுமை என்று கர்னல் எழுதுபவர்களில் ஒரு சாரார் கேட்கிறார்கள். ஓடுவதை ஏன் உடைக்கவேண்டும் என்கிறார்கள் மறு சாரார். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சிறு நிறுவனங்களுக்கு சர்வர் பார்த்துக்கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது எவரோ எங்கோ போடும் சண்டை இல்லை. பெரிய டேட்டா சென்டர்கள் எப்போதோ புது வழிக்கு மாறிவிட்டன. ரப்பர் ஷீட் வியாபாரியின் கணக்கும், பள்ளிக்கூடத்தின் ஃபீஸ் மென்பொருளும், கிளினிக்கின் நோயாளிப் பதிவும் ஓடுகிற பெட்டிகள்தான் பழைய வழியிலேயே நிற்கின்றன.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அந்தப் பாதை அதைப் பயன்படுத்தாதவர்களையும் இடறுகிறதா, அதைச் சோதித்துப் பார்க்க ஆள் இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது, அடியோடு நீக்குவது, பூட்டி வைத்து நாள் குறிப்பது என்ற மூன்று வழிகளையும் இந்த அளவுகோலில்தான் நிறுத்திப் பார்க்கிறேன்.

எது பழையது, எது பழையதல்ல

இன்டெல், ஏஎம்டி கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 ப்ராசஸரை வடிவமைத்தபோது அதற்குள் பல இயங்குதளங்களை அடைக்கும் எண்ணம் எவருக்கும் இல்லை. அப்படி உள்ளே ஓடும் கணினிதான் விஎம் அல்லது கெஸ்ட், அதை ஓட்டுவிக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர், அடியில் இருக்கும் அசல் கணினி ஹோஸ்ட். 1974-இல் போப்பெக், கோல்ட்பர்க் என்ற இருவர் ஒரு நிபந்தனை வகுத்தார்கள். இயந்திரத்தின் நிலையைத் தொடும் ஆணை எதையாவது அதிகாரமில்லாத நிரல் இட்டால், ப்ராசஸர் உடனே நின்று மேலே இருப்பவரிடம் முறையிடவேண்டும். பழைய எக்ஸ்86-இல் 17 ஆணைகள் அப்படி முறையிடாது. பாப்எஃப் என்ற ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டரப்டை (வன்பொருள் குறுக்கிட்டு அனுப்பும் அழைப்பை) அணைக்கும் அதிகாரம் இல்லாத நிரல் அதை இட்டால் பிழை எதுவும் வராது. அந்தப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்த ஆணைக்குப் போய்விடும். இன்டரப்ட் அணைந்துவிட்டது என்று கெஸ்ட் கர்னல் நம்பிக்கொண்டிருக்கும். ஹைப்பர்வைசருக்கோ சேதியே போயிருக்காது.

இதைத் தாண்ட இரண்டு வழிகள் வந்தன. கெஸ்ட் கர்னலின் ஆணைகளை ஓடும் நேரத்திலேயே படித்து, சிக்கலானவற்றை மாற்றி எழுதி ஓட்டியது விஎம்வேர்; 1999-இல் அது சந்தைக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-இல் வெளியான ஜென், கெஸ்ட் கர்னலையே திருத்தச் சொன்னது. நீ இன்னொருவரின் வீட்டில் இருக்கிறாய், பேஜ் டேபிளை (நினைவக முகவரிப் பட்டியலை) மாற்றவேண்டுமென்றால் நேரடியாகத் தொடாதே, ஹைப்பர்கால் போட்டு ஹைப்பர்வைசரிடம் கேள் என்ற ஏற்பாடு. இதற்குத்தான் பாராவிர்ச்சுவலைசேஷன், சுருக்கமாகப் பிவி என்று பெயர். அன்றைக்கு அது அசாத்திய வேகம். 2006-இல் அமேசானின் வாடகைக் கணினிச் சேவையான இசி2 தொடங்கியதும் ஜென் மேல்தான்.

2005 நவம்பரில் மெய்நிகராக்கத்துக்கு ப்ராசஸரே உதவும் விடி-எக்ஸை இன்டெல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஏஎம்டி-வி வந்தது. முதல் தலைமுறை வன்பொருள் பெரிய பாய்ச்சல் ஒன்றும் இல்லை. 2006-இல் விஎம்வேர் பொறியாளர்கள் அளந்து பார்த்தபோது, பல வேலைகளில் மென்பொருள் வழியே முந்தியது. பேஜ் டேபிள் வேலையையும் வன்பொருளே எடுத்துக்கொண்ட பிறகுதான், அதாவது 2007-இல் ஏஎம்டியின் பார்சலோனாவும் 2008-இல் இன்டெலின் நெஹலெமும் வந்த பிறகுதான், கணக்கு மாறியது. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20-உடன் லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம் கர்னலுக்குள் நுழைந்தது. அது வன்பொருள் உதவி இல்லாமல் ஓடாது. அமேசானும் 2017-இல் நைட்ரோ என்ற புது அமைப்போடு கேவிஎம் வழிக்குத் திரும்பியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடவேண்டும். பாராவிர்ச்சுவலைசேஷன் என்றாலே பழசு என்று சிலர் பேசுகிறார்கள். ப்ராசஸரையும் நினைவகத்தையும் பிவி வழியில் நடத்துவதுதான் பழசு. வட்டுக்கும் நெட்வொர்க்குக்கும் கெஸ்டும் ஹோஸ்டும் பேசிவைத்துக்கொண்டு வேலை செய்யும் வர்ட்டியோவும் அதே யோசனையில் பிறந்ததுதான், ஆனால் இன்றைக்கும் ஏராளமான விஎம்கள் அதன் மேல்தான் ஓடுகின்றன. கேவிஎம் கெஸ்டுக்குள் இருக்கும் கடிகாரமும் அப்படித்தான். அவற்றை நீக்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை. ஆகவே பேச்சு ஜென் பிவியையும் அதன் உறவினர்களையும் பற்றியது மட்டும்.

முதல் வழி: எல்லாம் இருக்கட்டும்

இதற்கு ஆதரவான வாதம் எளிமையானது. லினக்ஸின் பெருமையே பழைய நிரலை உடைக்காமல் இருப்பதுதான். சில ஆயிரம் வரி கோடு (நிரல் எழுத்து) ஓரமாகக் கிடந்தால் என்ன நஷ்டம்?

ஓரமாகக் கிடந்தால் நஷ்டம் இல்லைதான். பிவி கோடு ஓரமாகக் கிடப்பதில்லை. நாஞ்சில் நாட்டில் வயல் பிளாட் ஆன பிறகும் பழைய மடை கால்வாயின் குறுக்கே நிற்கும். அதிலிருந்து பாய ஒரு செண்டு நெல்லும் இருக்காது, ஆனால் கால்வாயில் எந்த வேலை எடுத்தாலும் அதைச் சுற்றித்தான் போகவேண்டும். பிவி உட்கார்ந்திருப்பதும் அப்படி ஓர் இடத்தில்தான். இன்டரப்டை அணைப்பது, பேஜ் டேபிளில் எழுதுவது, சிஸ்டம் காலிலிருந்து (நிரல் கர்னலிடம் உதவி கேட்பதிலிருந்து) திரும்புவது போன்ற கர்னலின் மிக நுணுக்கமான இடங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி இருக்கிறது. நேரடி வன்பொருளில் பூட் ஆனால் அந்தக் கொக்கிகளை அப்போதே அசல் ஆணைகளால் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள், ஆகையால் வேகம் குறைவதில்லை. செலவு எழுதுபவரின் தலையில் விழுகிறது. பேஜ் டேபிளிலோ எக்ஸப்ஷன் (ப்ராசஸர் எழுப்பும் பிழை) வரும் பாதையிலோ புதிதாக எதைச் செய்தாலும் ஜென் பிவியில் இது என்னவாகும் என்று யோசிக்கவேண்டும். யோசிப்பவர் மேசையில் சோதித்துப் பார்க்க ஒரு ஜென் பெட்டி இருக்காது.

2018-இல், லினக்ஸ் 4.20-க்காக, ஜென் பகுதியைப் பராமரிக்கும் யூர்கன் குரோஸ் இந்தக் கொக்கிகளைப் பிரித்தெடுத்தார். ஜென் பிவிக்கு மட்டும் தேவையானவை பாராவிர்ட் எக்ஸ்எக்ஸ்எல் என்ற தனிப் பிரிவுக்குள் போயின. எவ்வளவு கொக்கிகள் ஒரே ஒரு பயனருக்காக நிற்கின்றன என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

பாதுகாப்பு இன்னொரு பக்கம். 32-பிட்டில் ஜென் கெஸ்ட் கர்னலை ரிங் 1-இல் (ரிங் என்பது ப்ராசஸரின் அதிகார அடுக்கு; 0-க்கு முழு அதிகாரம், 3-க்கு மிகக் குறைவு) உட்கார வைத்து, நினைவகத்தைப் பகுதி பிரிக்கும் செக்மென்டேஷன் வேலி போட்டுத் தன்னைக் காத்துக்கொண்டது. 64-பிட் வந்தபோது ஏஎம்டி அந்த வேலியை எடுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் கெஸ்ட் கர்னலும் சாதாரண நிரல்களும் ஒரே ரிங் 3-இல் இறங்கின. ஒவ்வொரு சிஸ்டம் காலும் ஹைப்பர்வைசரைத் தொட்டுத்தான் போகவேண்டியதாயிற்று. வேகத்துக்காகப் பிறந்த வழி 64-பிட்டில் வேகத்தை இழந்தது இப்படித்தான். அப்புறம் ஓட்டைகள். கெஸ்ட் கொடுக்கும் பேஜ் டேபிளை ஹைப்பர்வைசர் சரிபார்க்கும் கோடில் 2015, 2016, 2017 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் பெரிய பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன. முதலாவது ஏழு ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. 2018 தொடக்கத்தில் மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் ஓட்டை வந்து 64-பிட் பிவியை இன்னும் பலமாக அடித்தது. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட க்யூப்ஸ் ஓஎஸ், 4.0 பதிப்பில் பெரும்பாலான விஎம்களைப் பிவியிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டது.

இந்த ஓட்டைகள் ஹைப்பர்வைசருடையவை, லினக்ஸ் கர்னலுடையவை அல்ல என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் கர்னல் பிவியைத் தாங்கும்வரை அந்தப் பக்கமும் பிவியைக் கைவிட முடியாது.

இரண்டாம் வழி: அடியோடு நீக்கு

இது நடக்காத காரியம் இல்லை, பலமுறை நடந்ததுதான். விஎம்வேர் தன் பிவி இடைமுகமான விஎம்ஐயை 2007-இல் கர்னலுக்குள் கொண்டுவந்தது. வன்பொருள் முந்திவிட்டதைப் பார்த்து, 2009-இல் அவர்களே எடுத்துவிடச் சொன்னார்கள், 2.6.37-இல் அது போயிற்று. வைத்தவர்களே வந்து எடுத்ததால் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. ரஸ்டி ரஸ்ஸல் எழுதிய எல்கெஸ்ட் படித்துக் கற்க அருமையான சிறிய ஹைப்பர்வைசர். பயன்படுத்துவோர் இல்லாமல் 2017-இல் 4.14-உடன் விடைபெற்றது. ஏஆர்எம் என்ற வேறு வகை ப்ராசஸருக்கான 32-பிட் கேவிஎம் 2020-இல் 5.7-இலும், 32-பிட் ஜென் பிவி கெஸ்ட் அதே ஆண்டு 5.9-இலும் நீங்கின. லினக்ஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 2015-இலேயே ஜென் பிவியை வெட்டிவிட்டு வன்பொருள் உதவியுள்ள வழிகளை மட்டும் வைத்துக்கொண்டது. பழைய வன்பொருளை விடாமல் தாங்கும் அதன் உறவுக்கார இயங்குதளமான நெட்பிஎஸ்டி இன்றும் வைத்திருக்கிறது. அவர்களிடம் வேறு மாதிரி எதிர்பார்க்கவும் முடியாது.

நம் மாவட்டத்துக்கு நெருக்கமான உதாரணம், சாதாரணக் கணினியில் விஎம் ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ். 2019 டிசம்பரில் வந்த 6.1, வன்பொருள் உதவி இல்லாத கணினிகளைக் கைவிட்டது. இங்குள்ள கல்லூரி ஆய்வகங்களில் கோர் 2 டுவோ இ4500, பென்டியம் டுயல் கோர் போன்ற கணினிகள் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கின்றன. இன்டெல் அன்று விலைக்குத் தகுந்தபடி விடி-எக்ஸைக் கொடுத்தும் மறுத்தும் விற்ற காலத்துச் சரக்கு. "அண்ணே, அப்டேட் போட்டதுக்கப்புறம் விஎம் ஒண்ணும் ஏறமாட்டேங்கு" என்று ஆய்வக உதவியாளர் போன் செய்தால், பழைய 6.0 பதிப்பைத் திரும்ப ஏற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. அந்தப் பதிப்புக்கும் 2020-உடன் பராமரிப்பு நின்றுவிட்டது.

இந்தக் கணினிகளைக் காட்டி, பிவி இருந்தால் இவை பிழைக்குமே என்று வாதாடுபவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. 4 ஜிபி ராம் உள்ள பெட்டியில் ஜென் போட்டு, அதற்குள் நாலு கெஸ்ட் ஓட்டி மாணவர்களுக்கு என்ன கற்பிக்க? அங்கே ஒரே கர்னலைப் பகிர்ந்துகொள்ளும் கன்டெய்னர் போதும், அதற்கு விடி-எக்ஸ் வேண்டாம். நெட்வொர்க் பாடத்துக்கும் லினக்ஸ் பாடத்துக்கும் அது தாராளம்.

நீக்குவதால் உண்மையில் என்ன உடைகிறது என்று பார்த்தால் இரண்டு விஷயம் தெளிவாகிறது.

ஒன்று, பழைய விஎம் அன்றிரவே நின்றுபோகாது. புதிய லினக்ஸ் பிவியைக் கைவிட்டால், புதிய கர்னல் பழைய அறைக்குள் நுழைய முடியாது, அவ்வளவுதான். பழைய கர்னலோடு இருக்கும் கெஸ்ட், ஜென் அந்தப் பக்கம் பிவியைத் தாங்கும்வரை ஓடும். டெபியன் 10 என்ற லினக்ஸ் விநியோகத்தின் 32-பிட் பதிப்பில் ஓடும் ஃபீஸ் மென்பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கர்னல் 4.19, பிவியில் பூட் ஆகும். டெபியன் 11-க்கு ஏற்றினால் கர்னல் 5.10, பூட் ஆகாது. ஏற்றாமல் விட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் 4.19-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 டிசம்பரில் முடிந்துவிட்டன. உடைவது ஒரு நாளில் நடப்பதில்லை. திருத்தம் வராத மாதங்கள் சேர்ந்துகொண்டே போகும். சிறு நிறுவனங்களில் இதுதான் ஆபத்து, ஏனென்றால் ஓடுகிற பெட்டியை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது விஷயம் பெரியது. எக்ஸ்86-இல் ஜென் ஓடும் பெட்டியில் வன்பொருளைப் பார்த்துக்கொள்வது டாம்-0 என்ற முதன்மை விஎம். பெரும்பாலான நிறுவல்களில் அது இன்றும் 64-பிட் பிவி கெஸ்டாகத்தான் ஓடுகிறது. ஜென்னை வைத்துச் செய்த எக்ஸ்சிபி-என்ஜி போட்டிருக்கிறீர்களா? உங்கள் டாம்-0 பிவி. க்யூப்ஸ்? டாம்-0 பிவி. கெஸ்ட் எல்லாவற்றையும் நவீன வழிக்கு மாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவரின் பெட்டியிலும் அடித்தளம் பிவிதான். நாளைக்கே வெட்டினால் ஒரு சில பழைய கெஸ்ட் மட்டும் போகாது, மொத்த ஜென் உலகமும் பழைய கர்னலில் சிக்கிக்கொள்ளும். கெஸ்டுக்கு மட்டும் நீக்கு, டாம்-0-க்கு வைத்துக்கொள் என்று சமாதானம் பேசவும் முடியாது. இரண்டும் அதே கொக்கிகளில் போவதால், அப்படிப் பாதி வெட்டினால் மிச்சமாவது சொற்பம்.

மூன்றாம் வழி: பூட்டி வை, நாள் குறி

டாம்-0-வைப் பிவிஎச் என்ற வழிக்கு மாற்றும் வேலை ஜென் பக்கத்தில் நெடுநாளாக நடக்கிறது. பிவிஎச்சில் ப்ராசஸரையும் நினைவகத்தையும் வன்பொருள் பார்த்துக்கொள்ளும், வட்டும் நெட்வொர்க்கும் பிவி முறையில் இருக்கும். இரண்டிலும் நல்லதை எடுத்துக்கொண்ட கலவை. கெஸ்டுக்கு இது லினக்ஸ் 4.11-இலும் ஜென் 4.10-இலும், இரண்டும் 2017-இல், வந்துவிட்டது. டாம்-0 எல்லா இடத்திலும் பிவிஎச்சுக்கு வரும்வரை கர்னலில் பிவி இருக்கட்டும், தானாக இயங்காதபடி பூட்டப்பட்டிருக்கட்டும், ஒரு நீண்டகாலப் பராமரிப்புக் கர்னலை முன்கூட்டியே காட்டி இதுதான் பிவி உள்ள கடைசிக் கர்னல் என்று அறிவிக்கட்டும். என் ஓட்டு இதற்குத்தான்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. பூட்டு ஏற்கெனவே உண்டு. ஜென் பிவி ஒரு கட்டமைப்பு விருப்பம்தான், வேண்டாதவர் அணைத்துக் கர்னல் கட்டலாம். ஆனால் டெபியன் போன்ற விநியோகங்கள் எல்லாப் பெட்டிக்கும் ஒரே கர்னலைத் தரவேண்டும் என்பதால் அதைத் திறந்தே வைக்கின்றன. பூட்டுவதால் கோடின் சிக்கலும் குறைவதில்லை. எவரும் திறக்காத கதவின் கீல் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஆகையால் நாள் குறிப்பதோடு ஒவ்வொரு வெளியீட்டிலும் பிவியைப் பூட் செய்து சோதிப்பது எவர் பொறுப்பு என்றும் எழுதி வைக்கவேண்டும். பொறுப்பேற்க ஆள் இல்லாத நாள் வந்தால், குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் நீக்கிவிடுவதுதான் நேர்மை. எல்கெஸ்டுக்கு நடந்ததும் அதுதான்.

அவசரப்படக்கூடாது என்பதற்கு என்னிடம் இன்னொரு காரணமும் உண்டு. பழைய வழி என்று ஒதுக்கியது புது வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. வாடகைக்கு எடுக்கும் மலிவு விபிஎஸ்கள் (இணையத்தில் கிடைக்கும் விஎம்கள்) பலவற்றில் வன்பொருள் மெய்நிகராக்கம் உள்ளே கிடைக்காது. விஎம்முக்குள் விஎம் ஓட்ட முடியாது. கொடுத்தாலும் இரண்டு அடுக்கு வன்பொருள் வழி மந்தம். 2024 பிப்ரவரியில் சீனப் பொறியாளர்கள் கேவிஎம்மின் மேல் பிவிஎம் என்ற திட்டத்தைக் கர்னலுக்கு முன்வைத்தார்கள். கெஸ்ட் கர்னலை ரிங் 3-இல் ஓட்டு, வன்பொருள் உதவி வேண்டாம் என்கிறது அது. 2003-இல் கேம்பிரிட்ஜில் சொன்ன யோசனையின் பேரப்பிள்ளை! பிவி நம் கண் முன்னே இறந்துவிட்டது என்று அறிவித்தவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

இந்தப் பக்கத்துப் பெட்டிகளில் பிவிக்கு இன்னொரு சிறு அனுகூலமும் உண்டு, பெரிய ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது. பழைய மதர்போர்டுகளில் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்தால், கரண்ட் போய் யுபிஎஸும் இறங்கியதும் பயாஸ் அமைப்பு தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அந்த நிலையில் விடி-எக்ஸ் அணைந்திருக்கும் போர்டுகள் நிறைய. மழைக்காலத்தில் ராத்திரி கரண்ட் போய்க் காலையில் வந்தால், கேவிஎம் விஎம் ஒன்றும் எழும்பாது. பிவி கெஸ்ட் ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். குளச்சல் பக்கம் கடற்காற்று படும் இடங்களில் போர்டுகளின் கதி சொல்லவே வேண்டாம். ஆனால் இதைக் காரணம் காட்டிக் கர்னலில் பிவியைக் காப்பாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாணய பேட்டரியின் விலை தெரிந்தவர் எவரும் சொல்லமாட்டார்.

நம் கையில் உள்ளதற்கு என்ன செய்வது

கர்னல்காரர்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும், ஜென் வைத்திருப்பவர்கள் கெஸ்டுகளை இப்போதே நகர்த்தத் தொடங்கலாம். உங்கள் கெஸ்ட் எந்த வழியில் ஓடுகிறது என்று தெரிய, உள்ளே டிமெசெக் (dmesg) கட்டளை போட்டுப் பூட் செய்திகளைப் பாருங்கள்; ஜென் பிவியா, பிவிஎச்சா, கேவிஎம்மா என்று கர்னலே எழுதியிருக்கும். 64-பிட் கெஸ்டாக, கர்னல் 4.11-க்குப் பிந்தியதாக இருந்து, ஹோஸ்டில் விடி-எக்ஸும் இபிடியும் (பேஜ் டேபிளுக்கான இன்டெலின் வன்பொருள் உதவி) இருந்தால், ஜென் அமைப்புக் கோப்பில் கெஸ்டின் வகை என்ற ஒரே வரியைப் பிவியிலிருந்து பிவிஎச்சுக்கு மாற்றினால் பெரும்பாலும் எழும்பிவிடும். வட்டின் பெயரும் மாறாது. மாற்றுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிவியைத் தவிர வேறு தெரியாத பழங்கால கர்னல் என்றால் ஷிம் என்று ஒன்று உண்டு. மெல்ட்டவுன் வந்த கையோடு ஜென் குழு அவசரமாகச் செய்தது. பழைய பிவி கெஸ்டை ஒரு குட்டி ஜென்னோடு சேர்த்துப் பிவிஎச் உறைக்குள் போட்டுவிடும். கெஸ்டைத் தொடவே வேண்டாம், ஹோஸ்டுக்கும் பாதுகாப்பு. மூலக் கோடு கைவசம் இல்லாத ஃபீஸ் மென்பொருளுக்கு இதைவிட நல்ல ஓய்வு இல்லம் கிடைக்காது.

மாறவே முடியாதவை சில இருக்கும். டெலிபோன் கார்டைப் பிசிஐ வழியாக நேரே பிவி கெஸ்டுக்குக் கொடுத்து, அதற்குள் பிபிஎக்ஸ் (உள் தொலைபேசி இணைப்பகம்) ஓட்டும் மருத்துவமனைப் பெட்டி அந்த வகை. கார்டு எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யு இல்லாத பழைய போர்டிலும் பிவிக்கு மட்டும்தான் இப்படிக் கார்டைக் கொடுக்க முடியும். பாதுகாப்பு இல்லை, ஆனால் ஓடும். பிவிஎச் கெஸ்டுக்கு இந்த வசதியே கிடையாது. இதற்காகக் கர்னலைக் காக்கவைக்க முடியாது. அந்த பிபிஎக்ஸை ஹைப்பர்வைசரே இல்லாமல் ஒரு சின்னப் பெட்டியில் நேராக ஏற்றிவிடலாம், அல்லது கார்டைத் தூக்கிவிட்டு இணையம் வழியான சிப் டிரங்க் தொலைபேசி இணைப்புக்கு மாறலாம். மாதக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு நிர்வாகம் பெரும்பாலும் முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்கும்.